வேணி கேட்ட கிண்ணம்

வேணி பூவை விட்டாள், பொட்டை விட்டாள், ஆடி மாசம் கூழ் ஊற்றுவதையும் விட்டாள். அதனால் நாத்தனார் வீட்டோடு பேச்சே நின்றுபோனது. பாஸ்டர் அன்புச்செல்வன் புது விசுவாசிகள் வகுப்பில் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் தட்டவில்லை. தினமும் ஜெபம், தினமும் வேதம், வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது. அந்தக் கடைசி விஷயம்தான் படாத பாடு. திண்டிவனம் மார்க்கெட்டில் மல்லாட்டைக் கடலை புடைக்கிறவள் வாயைக் கட்டினால் பிழைக்க முடியுமா?

அவளை அந்தச் சபைக்கு இழுத்தது பிரசங்கம் இல்லை, ஒரு வெள்ளிக் கிண்ணம். திருவிருந்தன்று திராட்சை ரசத்தோடு அது கைமாறிப் போகும், எல்லோரும் அதிலேயே வாய் வைத்துக் குடிப்பார்கள். பரிமாறும் மூப்பர் கடைசியில் குடித்து முடிப்பார். ஞானஸ்நானம் எடுக்காதவளுக்குக் கிண்ணம் கிடையாது. கடைசிப் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஊர் டீக்கடையில் ஊர்த்தெருக்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரர்களுக்குக் காகிதக் கப். கேட்டால் சுத்தமாம், சுத்தம்! அதில் குடித்தே வளர்ந்தவளுக்கு அந்தக் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்கவே முடியாது.

போன வாரம் மரக்காணம் கடலில் ஞானஸ்நானம் எடுத்தாள். கூடவே காலனிப் பெண்கள் மூன்று பேர், ஊர்த்தெருவிலிருந்து பேங்கில் வேலை செய்யும் பிரவீன்குமார். எல்லோரும் முங்கியது ஒரே தண்ணீரில்தான்.

இந்த ஞாயிறு திருவிருந்து. கடைசிப் பாய்க்குக் கிண்ணம் வரவில்லை. மூப்பர் சவுரிராயன் ஒரு தட்டை நீட்டினார். தட்டு நிறையக் காகிதக் கப்.

"ஐயா, எங்களுக்கு அந்தக் கிண்ணம் வராதுங்களா?"

"நீங்கள்லாம் புதுசும்மா. மொதல்ல விசுவாசத்துல வளரணும். அப்புறந்தான் அது."

வேணி தலையைத் திருப்பிப் பார்த்தாள். முன்வரிசையில் பிரவீன்குமார் கையில் வெள்ளிக் கிண்ணம். ஒரே வாரத்தில் இவன் மட்டும் எதைத் தின்று வளர்ந்தானாம்?

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடப்பாவிகளா, கடவுள் வீட்டுக்குள்ளேயும் அதே டீக்கடையா? இதற்கா நாத்தனாரோடு சண்டை போட்டேன்? வாய் வரைக்கும் வந்த வார்த்தையைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள். ஒருவரோடு மனஸ்தாபம் இருந்தால், விருந்தைத் தொடுவதற்கு முன் அவரிடமே நேரில் பேசித் தீர்க்க வேண்டும் என்பதும் வகுப்பில் சொன்னதுதானே. எழுந்து விடுவிடுவென்று முன்னால் போனாள்.

"தம்பி, அத்தக் குடுங்க."

பிரவீன்குமார் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் தரையைப் பார்த்தார். அவன் கொடுத்துவிட்டான். வேணி ஒரு வாய் குடித்தாள். ஆசை தீரக் குடிக்க வேண்டியதை ஆத்திரத்தோடு குடிக்கும்படி ஆகிவிட்டதே என்று கண் கலங்கியது. பின்னாலேயே ஓடிவந்த சவுரிராயனிடம் கிண்ணத்தை நீட்டினாள்.

"கடைசில குடிக்கிறது நீங்கதானே. குடிங்கய்யா, நின்னுக்கினு இருக்கேன்."

சவுரிராயன் கிண்ணத்தைப் பார்த்தார், அதன் விளிம்பைப் பார்த்தார். பிறகு தன் தட்டிலிருந்தே ஒரு காகிதக் கப்பை எடுத்து அவசரமாகக் குடித்தார்.

"பரவால்லீங்கய்யா," என்றாள் வேணி. "நீங்க இன்னும் புதுசு. வளந்தப்புறம் வாங்க."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடைசிப் பாய்க்குப் போனாள். அங்கே அந்த மூன்று பெண்களும் இன்னும் குடிக்காமல் இருந்தார்கள்.