கைப்பிடி கழற்றிய பம்பு

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் தெருவில் டிரை வாஷ் கடை என்றால் எங்களுடையதுதான். பட்டுப்புடவையோ கோட்டோ, கறை போகாமல் ஒரு துணியும் வெளியே போனதில்லை. மணலி ஆலைக் காற்று நாறுகிற நாளிலும் என் கடை நாறாது என்பேன். துணி தண்ணீரில் நனையாது; ஒரு ரசாயனத்தில்தான் புரளும். அதை மருந்து என்போம். மெஷினை என் வீட்டுக்காரர் ஓட்டுவார். அடியில் தங்கும் கறுப்புக் கசடை வழித்து அப்புறப்படுத்துவது என் வேலை.

சாக்கடையில் ஊற்றிவிடு என்றார் அவர். நான் விடவில்லை. நம் அழுக்கு நாலு பேர் வாசல் வழியாகப் போவதாவது! பின்பக்கம் ஆழமாகக் குழி தோண்டி எங்கள் மண்ணிலேயே ஊற்றினேன். எட்டு வருஷம். அங்கே கரையான்கூட அண்டாது. அதிலும் எனக்குப் பெருமை. குழிக்குப் பக்கத்திலேயே அடிபம்பு. லாரித் தண்ணீர் வராத நாளில் தெருவே அங்கேதான் குடம் வைக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காகிதம் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த மாதிரிக் கடைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டுமாம். பார்வையிட ஆள் வருவாராம். வரட்டும் என்று கடையைக் கழுவி, மெஷினுக்குப் பொட்டு வைத்தேன்.

வந்த அதிகாரி மெஷின் மூடியைப் பார்த்தார், புகைக்குழாயைப் பார்த்தார், எழுதிக்கொண்டே கேட்டார்.

"கசடை என்னம்மா பண்றீங்க? டிரம்ல அடைச்சு வச்சு, எடுக்க வர்றவங்ககிட்ட ஒப்படைக்கணுமே?"

"சாக்கடைல ஒரு சொட்டு வுட்டதில்ல சார். தெருவுல யார வேணா கேட்டுப் பாரு. அல்லாம் எங்க வூட்டு மண்ணுலதான் கீது."

பேனா நின்றது. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பம்பில் அடித்துச் சொம்பை நீட்டினேன். வாய்வரை கொண்டுபோனவர் குடிக்காமல் கீழே வைத்தார். குழியிலிருந்து பம்புவரை அடியடியாக நடந்து அளந்தார். பாட்டிலில் தண்ணீர் பிடித்து மூடினார்.

"டெஸ்ட் பண்ணி முடிவு வர்ற வரைக்கும் யாரும் இதைக் குடிக்க வேணாம்மா."

அவர் போனபின் சொம்பை எடுத்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்போது அடுத்த வீட்டு மருமகள் இடுப்பில் குழந்தையும் கையில் குடமுமாக வந்தாள்.

"இன்னாக்கா, பூனையாட்டம் தண்ணிய மோந்துகினு கீற?"

"வாசன எதுனா வருதா பாரு."

"எப்பவும் வர்றதுதானே! உன் கட வாசன. நீ ஏதோ பௌடரு போட்டு சுத்தம் பண்றனு நெனச்சோம். லாரித் தண்ணிய வுட இதான் நல்லதுன்னு கொயந்தைக்கே இததான் குடுக்கறேன்."

"எத்தினி நாளா வருது?"

"அது ஆச்சு, போன மழைக்கு முன்னாடிலேர்ந்து."

எட்டு வருஷமாக மருந்தோடு கிடந்து மரத்துப்போன மூக்கு. அதை நம்பித்தான் இத்தனை நாள் பெருமை பேசியிருக்கிறேன். வீட்டுக்காரரின் ஸ்பேனரை எடுத்து பம்பின் கைப்பிடியைக் கழற்றினேன். அவர் ஓடி வந்து என் காதோரம் கிசுகிசுத்தார்.

"இன்னாமே பண்ற? ரிப்பேருன்னு சொல்லிடு. தெருவுக்கு விசயம் தெரிஞ்சா கடைய மூடிடுவானுங்க."

"ரிப்பேராக்கா?" என்றாள் அடுத்த வீட்டு மருமகள்.

"பம்பு நல்லாத்தான் கீது. தண்ணிலதான் என் கசடு எறங்கிக்கீது."

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.