திக்காமல் பதினாறு வரி

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். ஆனால் யார் கேட்டாலும் நாகூர் என்றுதான் சொல்லிவந்தேன். பொய் சொல்லும் ஆசையில் இல்லை. ‘க’ என் வாயில் வராது, ‘ந’ வரும். ஆறு வயதிலிருந்து எனக்குத் திக்குவாய். திக்குகிறவன் நினைத்ததைச் சொல்வதில்லை, வாயில் எது வருமோ அதைத்தான் சொல்கிறான். வேலைக்காக சைகோனுக்கு வந்த முதல் வருடம் முழுக்க, காப்பிக்குப் பேர்போன அந்த ஊரில் நான் தேநீரே குடித்தேன். வியட்நாமியில் காப்பிக்குப் பெயர் ‘கா ஃபே’. விரலை நீட்டிக் கேட்டிருக்கலாம். அதற்கும் அலுப்பாக இருந்தது.

இதில் வெட்கத்தைவிட அலுப்புதான் பெரிது. வாயைத் திறக்குமுன் எந்தச் சொல்லில் மாட்டிக்கொள்வோம் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாக வேறு சொல் தேட வேண்டும். அது கிடைத்த பிறகு, சொல்லாமலே இருந்துவிடலாமே என்றும் தோன்றும். சாயங்காலத்தில் என் தாடை கடுக்கும், நாளெல்லாம் மூட்டை தூக்கியவனுக்குத் தோள் கடுப்பதுபோல.

புதுச்சேரியில் பொறியியல் படித்தபோது, விடுதி அறையில் கூட இருந்தவன் ஒருநாள் ஒரு கேசட்டைப் போட்டான். அமெரிக்க ஹிப் ஹாப். எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. பாட்டின் நடுவே ஒரு குரல் ஒரே சொல்லில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

“டே... டேப்பு சிக்கிருச்சுடா” என்றேன்.

“சிக்கலடா. இசைத்தட்டக் கையால முன்ன பின்ன இழுக்குறான். வேணும்னே பண்றது” என்றான் அவன்.

வேண்டுமென்றே திக்குகிறார்கள், அதற்கு ஒரு கூட்டம் கைதட்டுகிறது. நான் அந்த கேசட்டை இரவல் வாங்கி, திருப்பிக் கொடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு மலேசியாவிலிருந்து தமிழ் ராப் வந்தது, பின்னால் சென்னையிலிருந்தும் வந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நானும் கூடவே முணுமுணுத்துப் பார்த்தேன். தாளம் ஓடிக்கொண்டிருக்கும்வரை என் வாய் நிற்கவில்லை. ‘க’ வந்தது. ‘ப’ வந்தது. ராப்பில் ஒரு சுற்றுக்குப் பதினாறு வரி, அது முழுக்க வந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டு, வெளியே நின்றவனிடம் “போலாமா” என்று கேட்கப் போனால், ‘போ’வில் நின்றுவிட்டேன்.

நான் பாடகன் ஆகவில்லை, ஆக நினைத்ததும் இல்லை. கேட்கிறவனாகவே இருந்துவிட்டேன். ஒருவன் மூச்சு வாங்காமல், தன் தெருவையும் கோபத்தையும் அம்மாவையும் ஒரே ஓட்டத்தில் சொல்லிக்கொண்டு போகிறான். அதைக் கேட்கக் கேட்க என் தாடை இளகும். எனக்குப் பதிலாக யாரோ பேசி முடித்துவிட்டதுபோல இருக்கும்.

சைகோனில் எங்கள் வீடு பூ மி ஹங்கில், தொழிற்சாலை தூ டுக்கில். கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம், நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் மறித்தால் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரம் முழுக்கக் காதில் பாட்டு. எட்டு மணிக் கூட்டத்துக்கு அதுதான் எனக்குத் தைரியம். கூட்டத்தில் எல்லோரும் நின்றுகொண்டு, அவரவர் இயந்திரத்தின் நிலவரத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நான் ஒரு சொல்லில் நின்றால், இரண்டு மூன்று பேர் நல்லெண்ணத்தோடு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் தவறான சொல்லாக இருக்கும். நானும் தலையாட்டிவிடுவேன். ஒருமுறை அப்படித் தலையாட்டியதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு இயந்திரத்தை அரை நாள் நிறுத்திவிட்டார்கள்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வரும் வியட்நாமியப் பெண் ஒரு அசெம்ப்ளி லைனுக்கு சூப்பர்வைசர். என்னை ‘ஆன்’ என்று கூப்பிடுவாள். அண்ணன் என்று அர்த்தம். காதில் என்ன கேட்கிறேன் என்று ஒருநாள் ஆங்கிலத்தில் விசாரித்தாள். ஒரு காது இயர்போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, தன் போனிலிருந்து ஒரு வியட்நாமிய ராப்பைப் போட்டுக் காட்டினாள்.

“பு... புரியலை” என்றேன்.

“பரவாயில்லை ஆன். எங்களுக்கே பாதி புரியாது” என்றாள்.

நான் எவ்வளவு நேரம் நின்றாலும் அவள் ஒரு சொல்லையும் எடுத்துக் கொடுத்ததில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். அவளோடு பேசுவது எனக்கு எளிதாக இருந்தது.

என் மனைவி அப்படியில்லை. பிரியத்தினால்தான் செய்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் வாக்கியங்களை முடித்துவைத்தவள் அவள்தான், அதுவும் பெரும்பாலும் சரியாகவே முடிப்பாள். நானும் பாதியில் விட்டுவிடப் பழகிவிட்டேன். எங்கள் மகளுக்கு ஏழு வயதானபோது, மாமிக்கு, அதாவது அவள் உம்மாவுக்கு, இருதய அறுவை சிகிச்சை என்று மனைவி காரைக்காலுக்குப் போனாள். போய்வர இரண்டரை மாதம். மகளும் நானும் மட்டும். பகல் முழுக்க அவள் பள்ளியில் இருப்பாள். வேலை முடிந்து நான் போய் அழைத்துவருவேன்.

மூன்றாவது வாரம், பள்ளியில் வகுப்பு ஆசிரியை என்னைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். மகள் சில நாட்களாகத் திக்குகிறாள், வகுப்பில் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள் என்றார். பிறகு தயக்கத்தோடு கேட்டார்: “வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஒரு சொல் வெளியே வர எவ்வளவு நேரமானது என்று தெரியாது. ஆசிரியை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் கொடுத்தேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். வீட்டில் என் வாக்கியத்தை முடித்துவைக்க ஆளில்லாமல், மாலையெல்லாம் என் திக்கலை மட்டும் கேட்டு அவளுக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் பேசுவதை நிறுத்தினேன். சைகையும் சிரிப்பும் தட்டில் வைத்த சாப்பாடும்தான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பத்து நாள் இருக்கும். பேசாமல் இருப்பது அவ்வளவு ஓய்வாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவளும் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு அது கண்ணில் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். காதில் பாட்டு. மகள் தூங்குகிறாள் என்று நினைத்து, வாய்விட்டே கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முழுதும் முடிந்து, கையைத் துடைக்கத் திரும்பினால் அவள் சமையலறை வாசலில் நிற்கிறாள்.

“வாப்பா, உங்களுக்குத்தான் பேச வருதே!” என்றாள்.

நான் தலையாட்டினேன்.

“அப்ப எ... எங்கிட்ட ஏன் பேச மாட்டேங்குறீங்க? நான் திக்குறேன்னு கோவமா?”

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கை ஈரமாகவே இருந்தது. கோபம் இல்லை, உனக்கும் என்னைப்போல ஆகிவிடக் கூடாதென்றுதான் என்று சொல்ல ஆரம்பித்தேன். ‘கோ’வில் நின்றது. வழக்கம்போல சொல்லை மாற்றாமல், அதே இடத்தில் நின்று தள்ளினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லி முடித்தபோது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“அவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டு, “எனக்கும் அந்தப் பாட்டச் சொல்லித் தாங்க” என்றாள்.

சொல்லித் தர எனக்கு என்ன தெரியும்? இருவரும் சேர்ந்து கேட்டோம். மேசையில் தட்டிக்கொண்டு, கெட்ட வார்த்தை வரும் இடங்களில் நான் இருமிக்கொண்டு, வரிவரியாகச் சொன்னோம். அவள் வேகமாகப் பிடித்துக்கொண்டாள். மனைவியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தா புள்ள என்ன மச்சான் நெனைக்கும்? யாராவது டாக்டர்ட்ட காட்டுங்க” என்றாள்.

காட்டினோம். பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு அம்மாள், ஆங்கிலம் பேசுகிறவர், மகளைச் சோதித்துவிட்டு, நிறைய குழந்தைகளுக்கு இது தானாகவே போய்விடும், வீட்டில் அவசரப்படுத்தாமல் பேசுங்கள் என்றார். எதனால் வந்தது என்று கேட்டேன். யாராலும் அப்படிச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை அரைகுறையாகத்தான் நம்பினேன்.

மனைவி திரும்பி வந்த முதல் வாரம், சாப்பிடும்போது நான் ஏதோ ஒரு சொல்லில் நின்றேன். “கறியா?” என்றாள் அவள், என் பக்கம் கிண்ணத்தை நகர்த்தியபடி.

“உம்மா, வாப்பா முடிக்கட்டும்” என்றாள் மகள்.

மனைவியின் முகம் சிவந்தது. “நான் ஒத்தாசைன்னுல்ல நெனச்சேன்” என்றாள். இருவரும் காத்திருந்தார்கள். நான் கேட்க வந்தது கறி இல்லை, கரண்டி.

ஒரு வருடத்துக்குள் மகளின் திக்கல் போய்விட்டது. பாட்டினாலா, பயிற்சியினாலா, தானாகவா, தெரியாது. என்னுடையது போகவில்லை. இந்த வயதுக்கு மேல் போகாது. கூட்டங்களில் இப்போதும் நிற்கிறேன். எடுத்துக் கொடுக்கிறவர்களிடம் கையைக் காட்டி நிறுத்துகிறேன். சில நாள் அதற்கும் தெம்பு இருப்பதில்லை, தலையாட்டிவிடுகிறேன்.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. கொரியப் பாட்டுதான் கேட்கிறாள். என்னுடையதெல்லாம் பழசாம். போன வாரம் சனிக்கிழமை நான் என் பழைய ராப்பைப் போட்டுவிட்டு, சோபாவில் அலுத்துப்போய்ப் படுத்துக்கிடந்தேன். அவள் தன் அறையிலிருந்து வெளியே வந்து, “சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க வாப்பா, படிக்கணும்” என்றாள். குறைத்தேன். கேட்கிற அளவுக்கு இருந்தது, போதும்.