ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து வந்த சொல்

எழுபதுகளின் கடைசியில், ஒரு பாடசாலை விடுமுறையின்போது, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் இது நடந்தது. கணவருக்குச் சீனன்குடாவில் வேலை. நான் ஆசிரியை. எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டாள். அதற்கு ஓட்டிசம் என்று பெயர் இருப்பதைக் கொழும்பில் ஒரு டொக்டர்தான் எங்களுக்குச் சொன்னார்.

பேசப் பழக்கும் வழியையும் அவரே காட்டித் தந்தார். பிள்ளைக்குப் பிடித்த பொருளைக் கண்முன் வைத்து, அதற்கான சொல்லை முழுதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவள் திருப்பிச் சொன்ன உடனே பொருளைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு பாதிச் சொல், பிறகு உதட்டசைவு மட்டும், அதன் பிறகு வெறுமனே காத்திருப்பது. உதவி செய்வது சுலபம், செய்த உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்வதுதான் கஷ்டம் என்றார்.

நான் பிஸ்கட் டின்னில் தொடங்கினேன். இறுக மூடி அவள் முன் வைத்து, மூடியில் விரலால் தட்டி, "திற" என்பேன். மாதக்கணக்காக ஒன்றும் இல்லை. ஒருநாள் "தி" வந்தது. பிறகு முழுச் சொல்லும் வந்தது. அதன்பின் நான் வாய் திறப்பதை நிறுத்திக்கொண்டேன். தட்டினாலே போதும், "திற" என்பாள். தட்டாவிட்டால் டின்னைப் பார்த்தபடியே இருப்பாள். அந்தத் தட்டலை மட்டும் என்னால் விலக்க முடியவில்லை.

பக்கத்து வளவு ஒரு மீன் முதலாளியுடையது. அவருடைய மனைவியை நான் அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கங்களில் பிள்ளையைக் கேட்க வைத்துக் கொடுப்பது ஒரு குறை. வாய் திறக்குமுன் கையில் வைத்துவிடுவதுதான் பாசம். குசினி வாசலில் நின்று எங்கள் பாடத்தைப் பார்க்கும் ராத்தாவுக்குப் பொறுக்காது.

"என்ன டீச்சர், ஒரு பிஸ்கட்டுக்கும் சோதினையா வைக்கிறீங்க?"

"ஓம் ராத்தா. பாஸ் பண்ணித்தானே தின்னுறாள்."

"உங்கட நெஞ்சு கல்லு" என்பார். நான் திரும்புவதற்குள் மகளின் கையில் ஒரு பேரீச்சம்பழம் இருக்கும்.

அன்று மத்தியானம் சோறு வடித்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணவில்லை. வாசல் படலை திறந்து கிடந்தது. தெரு முடிகிற இடத்தில் கடல். அயலவர்கள் எல்லோரும் அவளுடைய பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். நானும் கத்திக்கொண்டு ஓடினேன்.

பாதி வழியில் என் கால்கள் நின்றுவிட்டன. இந்தப் பெயருக்கு அவள் என்றைக்குத் திரும்பினாள்? கரையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவளுக்குப் பிடித்தது ஒடுக்கமான இருட்டு இடங்கள். அவள் பதில் சொல்லக்கூடிய கேள்வி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். அலுமாரியைத் தட்டினேன். றங்குப் பெட்டியைத் தட்டினேன். பிறகு ராத்தாவின் வளவுக்குள் புகுந்தேன். அங்கே மீன் ஏற்றுகிற ஐஸ் பெட்டிகளைக் கழுவி வெயிலில் வைத்திருந்தார்கள். பலகைக்கும் உள்தகரத்துக்கும் நடுவே மரத்தூள் அடைத்த பெட்டிகள். மூடினால் காற்றுப் புகாது. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காதை வைத்தேன்.

"அல்லாவே, டீச்சருக்கு என்னவோ ஆயிட்டு" என்று ராத்தா பின்னால் வந்து என் தோளைப் பிடித்தார். கையை உதறிவிட்டு அடுத்ததைத் தட்டினேன்.

"திற."

பிஸ்கட் கேட்கிற அதே குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை, அவசரமுமில்லை. மூடி விழுந்த வேகத்தில் வெளிக்கொக்கி தானாக மாட்டியிருந்தது. திறந்தபோது வியர்வையில் தொப்பலாக நனைந்து, உதடு வெளிறி, மூச்சு வாங்க எழுந்து நின்றாள். அழவில்லை. உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள். கேட்டாயிற்று, திறந்தாயிற்று, இனி பிஸ்கட் வரவேண்டும்.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு தரையில் இருந்துவிட்டேன். ராத்தா அழுதுகொண்டே உள்ளே ஓடித் தண்ணீரும் ஒரு டின்னும் கொண்டுவந்தார். தண்ணீரைப் பருக்கிவிட்டு வழக்கம்போல டின்னைத் திறக்கப் போனவர், நின்றார். என்னைப் பார்த்தார். மூடியை மறுபடி இறுக்கி, மகளின் முன்னால் வைத்து, விரலால் தட்டினார். அவள் சொல்லும்வரை பேசாமல் காத்திருந்தார்.

தட்ட ஆளில்லாத நாளும் வரலாம் என்ற பயத்தில், பிறகு அந்தத் தட்டலையும் விலக்கினேன். நாள் எடுத்தது. இப்போது எதையும் அவளாகவே கேட்கிறாள். எனக்குத்தான் அந்தப் பழக்கம் விடவில்லை. மூடிக் கிடக்கிற பெட்டி எதைக் கண்டாலும் விரல் போய்த் தட்டுகிறது. ஆனாலும் ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை: அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது நான் அல்ல, தன் உயிரை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.