சிவப்பு லைட்டும் என் வாயும்

இன்று தஞ்சாவூரில் என் தங்கைக்குக் கல்லூரி வேலைக்கான இன்டர்வியூ. "நானே கார்ல கொண்டுபோய் விடறேன்" என்று பெருமையாக அழைத்துப் போனேன்.

நீடாமங்கலம் தாண்டியதும் அவள் சொன்னாள், "அண்ணா, டாஷ்போர்டுல சிவப்பு லைட் எரியுது. நிறுத்திப் பாரேன்."

"அது சும்மா எரியும். நீ படி."

கொஞ்ச தூரத்தில் பானெட்டிலிருந்து புகை வந்தது. இன்ஜின் நின்றேவிட்டது. இரண்டு பக்கமும் வயல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நீ வாய வச்சதாலதான் நின்னுபோச்சு!" என்று அவளிடமே கத்தினேன்.

அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நெல் மூட்டை ஏற்றி வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி, "தஞ்சாவூர் வரைக்கும் வரலாங்களா?" என்று டிரைவரிடம் கேட்டாள். கஞ்சி போட்ட சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

மதியம் போன் வந்தது.

"நல்லா பண்ணிருக்கேண்ணா. நீ சாப்பிட்டியா? இன்னும் வெயில்லயா நிக்கிற?"

"சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். தங்கையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று, கேட்டுப் பழக்கப்பட்ட அண்ணன்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காரைப் பற்றிய ஆலோசனைகள் இப்போதைக்கு வேண்டாம்.