கை காட்டாமல் தூக்காதவர்

பாஸ்கல் எதையும் சட்டென்று தூக்கமாட்டார். காஸ் சிலிண்டரோ தண்ணீர்க் குடமோ, எதிரில் ஒருவர் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வேண்டும். யாரும் இல்லையென்றால் மகள் ஜானட்டைக் கூப்பிடுவார். துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்கும் சௌக்கத் அலி கை காட்டாமல் ஒரு கன்டெய்னரும் தரையை விட்டுக் கிளம்பியதில்லை.

பாஸ்கலின் நோயை முதலில் கண்டுகொண்டதும் சௌக்கத் அலிதான்.

"இன்னா மாமு, ஒரு ஷிப்டுல ஆறு வாட்டி எறங்கி கக்கூஸுக்கு ஓட்றே?"

"மூலம்டா."

"ரத்தம் போவுதா? டாக்டராண்ட போற வரிக்கும் நான் கை காட்ட மாட்டேன்."

மறுநாள் சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாஸ்கல் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார். மலக்குடலில் புற்று.

கதிர் சிகிச்சை முடிந்து அறுவைக்கு நாள் குறிக்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: திரும்பவும் கிரேன் ஏற வேண்டும். மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரமாகப் பை வைத்தால் ஏற விடமாட்டார்கள்.

ஜானட் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. வாரக்கணக்காகச் செல்போனில் படித்து வைத்திருந்தாள். சிறு துளைகள் வழியே கருவிகளை விட்டு மருத்துவர் தன் கையாலேயே செய்வது லேப்ராஸ்கோபி. அதே துளைகளில் இயந்திரக் கைகளை விட்டு, தள்ளி உட்கார்ந்து இயக்குவது ரோபோ. ஆசனவாய் வழியே கீழிருந்து செய்வது மூன்றாவது.

"ரோபோதான் நைனா. அதுவும் உன் கிரேன் மாதிரிதான், ஒக்காந்துகினே ஓட்டுவாங்க. கை நடுங்காது."

"புது கிரேன் வந்த மாசம் நானே ரெண்டு பொட்டிய இடிச்சேன்" என்றவர், அறுவை செய்யவிருந்த டாக்டர் டெபோரா பக்கம் திரும்பினார். "நீங்க எதுல எத்தினி பண்ணிகீறீங்க?"

அவர் மறைக்கவில்லை. "லேப்ராஸ்கோபி நானூறுக்கு மேல. ரோபோ பதினெட்டு. கீழிருந்து நான் செய்யறதில்ல. பழகின கையா இருந்தா முடிவுல பெரிய வித்தியாசம் வராது."

"அப்போ நானூறு."

அப்பாவுக்காக ரோபோ கேட்டோமா, தான் படித்ததைக் காட்டக் கேட்டோமா என்று ஜானட்டுக்கு இன்றும் தெரியவில்லை.

அறுவைக்கு முந்தின நாள் சௌக்கத் அலி பார்க்க வந்தார். "அண்ணாந்து பாத்தே என் கழுத்து போச்சு. மேலேர்ந்து கடலு எப்டி மாமு கீது?"

"திரும்பி வந்து உன்ன ஏத்தினு போயி காட்றேன். மாதா மேல சத்தியம்."

மறுநாள் ஸ்ட்ரெச்சரைத் தள்ள வந்தவரைக் கையால் தடுத்தார் பாஸ்கல். ஜானட் கட்டைவிரலைக் காட்டிய பிறகுதான் உள்ளே போனார்.

புற்று போனது. தற்காலிகமாக வைத்த பையையும் நான்காம் மாதம் எடுத்தார்கள். குடல்தான் பழையபடி அடங்கவில்லை. காலையில் மட்டும் ஏழெட்டு முறை ஓட வேண்டியிருந்தது. எந்த வழியில் செய்தாலும் இது வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கிரேன் அறையில் ஏது கக்கூஸ்? துறைமுக ஸ்டோர் வேலையில் உட்கார வைத்தார்கள்.

ஆறு வருடம் அப்படியே ஓடியது. போன தவக்காலத்தில் மாரடைப்பு. சவப்பெட்டியைத் தூக்கக் குனிந்தவர்களைச் சௌக்கத் அலி நிறுத்தினார். எதிரில் வந்து நின்று, கட்டைவிரலைக் காட்டினார்.

கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் மதிலுக்கு மேலே கிரேன்கள் தெரிந்தன. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"மேலேர்ந்து கடலு எப்டி கீதுன்னு உங்க நைனா கடைசி வரிக்கும் காட்டலியே பாப்பா. நீயாச்சும் கேட்டுகீறியா?"

ஜானட் கேட்டதில்லை.