சும்மா கிடைக்கிற மென்பொருளுக்கு ஏன் காசு?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில், இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்துப் பராமரிக்கும் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். இணுவிலில் குழந்தைகள் கிளினிக் வைத்திருந்த டொக்டர் அதை முகத்துக்கு நேரே கேட்டார்.

"உந்த மென்பொருள் இன்ரநெற்றிலை சும்மா கிடக்குது. பிறகேன் பிள்ளை உமக்கு வருசாவருசம் காசு?"

"மென்பொருளுக்கு இல்லை டொக்டர். அது குழம்பினா வந்து பாக்கிறதுக்கு."

"குழம்பேக்கை பாப்பம்."

நோயாளர் பதிவு மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டு, சப்போர்ட் ஒப்பந்தம் இல்லாமல் திரும்பி வந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை அவரே போன் எடுத்தார். "பிள்ளை, ஒருக்கா ஓடிவாரும். ஒருத்தற்றை பதிவையும் காணேல்லை."

ஸ்கூட்டியில் போய் இறங்கினால் வாசல் முழுக்கச் சனம். உள்ளே இரண்டு வயதுப் பெண்குழந்தை காய்ச்சலில் தாயின் தோளில் துவண்டு கிடந்தது. முந்தி ஏதோ மருந்து குடித்து முகமெல்லாம் வீங்கினதாம். எந்த மருந்து என்று தாய்க்கு ஞாபகமில்லை. "டொக்டர் கொம்பியூட்டரிலை அடிச்சவர்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். டொக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பதிவு எழுதும் ஜெயந்தி அழுதுகொண்டு நின்றா. "அப்டேற் எண்டு வந்தது அக்கா. ஓம் எண்டு அமத்திப்போட்டன்."

அந்த அறிவிப்பை நிறுத்தி வைக்காமல் போனது என் பிழை. கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தேடிப் பார்த்ததில், பதிவெல்லாம் சேமித்திருந்த டேற்றாபேஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. புது வேர்ஷனுக்குத்தான் அதைத் திறக்கத் தெரியவில்லை. முதலில் அதை அப்படியே கொப்பி எடுத்தேன். என் லப்ரொப்பில் பழைய வேர்ஷனைப் போட்டு, கொப்பியை அதில் ஏற்றினேன். பெயர்ப் பட்டியல் வந்தது. குழந்தையின் பெயரைத் தட்டினேன். சிவப்பு எழுத்தில், 'அமொக்சிசிலின் ஒவ்வாது.'

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "நான் அதைத்தான் எழுத இருந்தனான்." வேறு மருந்து எழுதினார். தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, கிளினிக் கொம்பியூட்டரிலும் பழைய வேர்ஷனைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். ஜெயந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினா.

"ஒப்பந்தத்தைக் கொண்டாரும், கையெழுத்து வைக்கிறன்," என்றார் டொக்டர். பிறகு கேட்டார்: "உமக்கு ஏலாமப் போனா ஆர் வாறது?"

என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால் ஒப்பந்தத்தை உடனே கொண்டுபோகவில்லை.

அந்தக் கிழமை முழுக்க, மென்பொருளைப் போட்ட விதம், பாஸ்வேர்ட் இருக்கும் இடம், பதிவுகளுக்குப் பக்கப் என்கிற காப்புப் பிரதி எடுக்கும் முறை என்று தலைக்குள் வைத்திருந்ததையெல்லாம் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். என்னோடு படித்த, உடுவிலில் இருந்த சாந்தினியைக் கூட்டுச் சேர்த்தேன். எழுதினதை மட்டும் கையில் கொடுத்து, ஒரு வெற்றுக் கொம்பியூட்டரில் கிளினிக் பக்கப்பை ஏற்றச் சொன்னேன். வாய் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை. மூன்று இடத்தில் தடுமாறினா. அந்த மூன்றையும் திருத்தி எழுதினோம். இரண்டாம் முறை தடுமாறாமல் ஏற்றி முடித்தா. அடுத்த நாள் இரண்டு பேருமாய்ப் போய்க் கையெழுத்து வாங்கினோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மென்பொருளை எவரும் இறக்கிக்கொள்ளலாம். கூப்பிட்டால் ஆள் வரும் என்பதைத்தான் நாங்கள் விற்கிறோம். வர ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்றால், அதை விற்கிற நேரம் இன்னும் வரவில்லை.