ஞாயிறு வரை திறக்காத பெட்டி

என் சித்தப்பா பிரான்சிஸின் இடது கைச் சுண்டுவிரல் போன அக்டோபரில் மடங்கியது. பிறகு நிமிரவில்லை. பொங்கலுக்குள் மோதிர விரலும் அதன் பின்னால் போக ஆரம்பித்தது.

அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். குடியிருப்பு திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊரில், வேலையெல்லாம் விழுப்புரத்தில் புதிதாக எழும் அடுக்குமாடிகளில். இருபது வருடமாக இடது முழங்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு வலது கையால் கல்லைத் தட்டித் தட்டி உட்கார வைத்திருக்கிறார். முழங்கை வழியாகப் போகும் நரம்பு நசுங்கிப்போயிருக்கிறது என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் செய்யாவிட்டால் கை நிச்சயம் சூம்பிவிடும். செய்தால் இருப்பது நிற்கும், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாள் கொடுத்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த நாள் கிடைக்க மூன்று மாதம் ஆகும் என்றும் சொன்னார்கள்.

சித்தப்பா டாக்டரிடம் ஒரே கேள்விதான் கேட்டாராம். "அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம வாசிக்கலாங்களா?"

எங்கள் ஊர்ச் சின்ன மாதா கோயிலில் பத்தொன்பது வயதிலிருந்து அவர்தான் கிட்டார். பூசையில் நன்மை வாங்கும், அதாவது சாமியார் அப்பம் கொடுக்கும் நேரத்துப் பாட்டுக்கு வேறு எதுவும் வாசிக்கக் கூடாது, கிட்டார் மட்டும்தான் என்று பாடகர் குழுவே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆனால் அவருடைய பழைய கிட்டாரின் கழுத்து வளைந்து, கம்பிகள் பலகையை விட்டு மேலே எழும்பிவிட்டன. நல்ல கையே அழுத்தத் திணறும். அவருடைய விரல்களுக்குக் கம்பி பலகையோடு ஒட்டினாற்போல் படுத்துக் கிடக்கிற கிட்டார் வேண்டும். விழுப்புரம் கடையில் இருந்த புதுசுகள் ஒன்றும் அப்படி இல்லை.

"நீதான் ஊரெல்லாம் நெட்லயே வாங்கி, நெட்லயே வித்துக்கினு சுத்துனவளாச்சே," என்றார் என்னிடம். நான் ஆறு வருடம் வெளியில் சுற்றிவிட்டு மார்ச்சில் திரும்பியிருந்தேன். "பழசாப் பாத்து ஒண்ணு புடிச்சிக் குடு, வெண்ணிலா."

பழைய கிட்டார்களை ஏலம் விடும் ஒரு தளத்தில் பத்து நாள் தேடினோம். அவருக்கு ஏலம் என்றால் கோயில் திருவிழாவில் மல்லாட்டைக் கடலை மூட்டையும் ஆட்டுக்குட்டியும் ஏலம் போவதுதான். ஒருவர் கேட்ட பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இன்னொருவர் கேட்பார்.

"மூஞ்சியே தெரியலையே. எவங்கூட மோதுறோம்னு தெரியாம எப்புடி ஏத்திக் கேக்கறது?"

"அதுக்குத்தான் சித்தப்பா முன்னாடியே எல்லாம் விசாரிக்கிறது."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். விற்பவரிடம் முன்பு வாங்கியவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டும், நல்லதை விட்டுவிட்டுத் திட்டியதை முதலில். கம்பிக்கடியில் ஒரு ரூபாய்க் காசைப் படுக்க வைத்துப் போட்டோ கேட்க வேண்டும், உயரம் தெரிந்துவிடும். கழுத்தை நுனியிலிருந்து பார்த்தபடி ஒரு போட்டோ. அன்றைய தேதியைச் சொல்லிவிட்டு வாசிக்கிற வீடியோ. பணம் தளத்தின் வழியாக மட்டும். தனியாக அனுப்பு என்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும், குறை இருந்தால் இரண்டு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

பெட்டி வந்த உடனே பிரிக்க வேண்டும் என்று மட்டும் நான் சொல்லவில்லை. பிரிக்காமல் ஒருவர் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குன்னூரில் விருத்தாசலம் என்பவர் ஒன்றை ஏலத்துக்கு வைத்திருந்தார். காசு போட்டோ கேட்டோம், ஒரு மணி நேரத்தில் அனுப்பினார். கம்பி காசைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. கீழே கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் ஒரு முறை பெயர்ந்து, மறுபடி ஒட்டியது என்று அவரே எழுதியிருந்தார். குறையைத் தானாகச் சொல்கிறவரை நம்பலாம் என்றேன். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, 'என் பையனுடையது. அவன் இனி வாசிக்க மாட்டான்' என்று பதில் வந்தது.

சித்ரா சித்தி தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் படித்தார். "அய்யோ பாவம். எந்த வயசோ."

அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்களைக் கேட்க ஆரம்பித்தார். முதல் நாள், 'உங்கள் வீடு ஓடா, தளமா?' மறுநாள், 'பகலில் வீட்டில் ஆள் இருப்பார்களா?' அதற்கும் மறுநாள், 'வாசிக்கப் போவது யார்? வயது என்ன?' காரணம் ஒன்றும் எழுதவில்லை. வணக்கம்கூட இல்லை.

"இன்னாத்துக்கு இவனுக்கு நம்ப வூட்டு மோட்டு? பகல்ல ஆள் இருக்காங்களான்னு கேக்கறானே, அத யோசிச்சியா?" என்றார் சித்தி.

"குன்னூர்ல இருந்து திண்டிவனத்துக்குத் திருட வருவானா? பஸ் சார்ஜுக்கே கட்டுப்படி ஆவாது," என்றார் சித்தப்பா. சிரித்தார். ஆனால் அன்றைக்கு வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தார்.

எனக்கும் உள்ளே எதுவோ உறுத்தியது. என்னவென்று கண்டுபிடிக்கும் பொறுமை இல்லை. தளத்தில் அந்த ஆளைப் பற்றி ஒரு குறைகூட இல்லை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன்.

ஏலம் ஒரு வியாழக்கிழமை மதியம் முடிந்தது. விழுப்புரத்தில், கைப்பிடிச் சுவர் வைக்காத நாலாவது மாடியில், சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து கடைசி நிமிடத்தில் கேட்டோம். கிட்டார் எங்களுக்கு வந்தது. போனில் ஒரு பச்சைக் கோடு ஓடியது, அவ்வளவுதான்.

"முடிஞ்சிதா? மூணாந்தரம்னு ஒருத்தனும் சொல்லலையே," என்றார் சித்தப்பா. வலது கையால் இடது கை விரல்களைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டே இருந்தார். விட்டதும் அவை மூடிக்கொண்டன.

ஒரே இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்கு உடம்பு தாங்காது. செவ்வாய்க்கிழமை புதுச்சேரிப் பக்கம் இரும்பையில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போய்விட்டேன். பெட்டி புதன்கிழமை வந்தது.

கூடவே சித்தப்பாவின் போனுக்கு விருத்தாசலத்தின் செய்தியும் வந்திருக்கிறது. 'பெட்டி வந்ததும் திறக்கவும். இன்றே. தாமதம் வேண்டாம்.' ஒரு மணி நேரம் கழித்து, 'திறந்தீர்களா?' மாலையில் மறுபடியும், 'ஏன் திறக்கவில்லை?'

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொருவர் பயன்படுத்திய பொருள் வீட்டுக்கு வந்தால், அது தையல் மிஷினோ மொபெட்டோ, முதலில் கோயிலுக்குப் போகும். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் அதில் கை வைப்பார்கள். செத்தவர் பொருள் என்றால் சொல்லவே வேண்டாம். சித்தியின் தம்பி செல்வகுமார் மந்திரிக்காமல் ஓட்டிய பழைய வேன் கெடார் ஊரைத் தாண்டிக் கவிழ்ந்ததை யாரும் மறக்கவில்லை.

"செத்த புள்ளையோட சாமான். இவன் அதத் தொற தொறன்னு உயிர வாங்கறான். எனக்குப் புடிக்கல," என்றிருக்கிறார் சித்தி. "மந்திரிக்காம இந்தப் பெட்டி நம்ப வூட்ல பிரிக்கக் கூடாது. ஆபரேஷன வச்சிக்கினு வெளையாடாதீங்க."

எங்கள் கோயிலுக்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். நாலு ஊர் அவருக்கு. சித்தப்பா பெட்டியை அப்படியே கொண்டுபோய்ப் பீடத்துக்குப் பக்கத்து அறையில் வைத்தார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சவரிமுத்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அறையின் கூரை தகரம். அக்கினி நட்சத்திரம் அன்றைக்குத்தான் ஆரம்பித்திருந்தது.

வியாழன், வெள்ளி. குன்னூரிலிருந்து செய்திகள் நின்றுவிட்டன. அது சித்தியை இன்னும் பயமுறுத்தியது.

சனிக்கிழமை மதியம் உபதேசியார் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பூட்டிய அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சாயங்காலம் நான் திரும்பி வந்ததும் அவரே என்னிடம் சொன்னார்.

"படார்னு ஒண்ணு, கட்டை பொளக்கற மாரி. அப்புறம் கம்பியெல்லாம் ஒண்ணா முனகுதும்மா. யாரோ உள்ள ஒக்காந்து கைய வச்சி அமுக்கறாப்ல. நான் தொடப்பத்தப் போட்டுட்டு வெளிய வந்துட்டேன்."

"தொறந்து பாக்கலையா?"

"நானா?" என்றார்.

தகரக் கதவில் கை வைத்துப் பார்த்தேன். வெயில் இறங்கிய பிறகும் சுட்டது. விருத்தாசலம் கேட்ட கேள்விகள் எல்லாம் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குப் புரிந்தன. வீட்டுக்கூரை. பகலில் வாங்கி வைக்க ஆள். சொன்னால் கேட்கிற வயது. உடனே திற.

"இப்பவே தெறக்கணும் சித்தப்பா. அது வெயில்ல வேவுது. புகார் பண்ற நாளும் நேத்தோட போச்சி."

சித்தப்பா கதவைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். ஊரில் பாதிப்பேர் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். "ஒரு ராத்திரிதானே, வெண்ணிலா. சாமியார் வந்துரட்டும்," என்றார். உபதேசியார் சாவியைக் கையால் மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பெட்டியைப் பீடத்தின் கீழே வைத்தார்கள். சாமியார் இளவயசுக்காரர். "இன்னாங்க, உள்ள பேய் இருக்குன்னு கேள்விப்பட்டேன்," என்று சிரித்தபடி தீர்த்தம் தெளித்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே சித்தி வீடியோ எடுத்தார். சித்தப்பா டேப்பை அறுத்தார். பஞ்சு, நுரை அட்டை, துணி. அவ்வளவு கவனமாகக் கட்டிய பெட்டியை நான் பார்த்ததில்லை.

பிரிட்ஜ் பெயர்ந்து கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. போகும்போது மேல்பலகையிலிருந்து உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சிம்பையும் கிழித்துக்கொண்டு போயிருந்தது. அந்த இடம் பச்சை மரமாக, வெளுப்பாகத் தெரிந்தது. சாமியார் சிரிப்பை நிறுத்தினார்.

துணிக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. சித்தப்பா அதை வாய்விட்டுப் படித்தார். 'குளிரில் வளர்ந்த மரம். கம்பியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன், பெட்டியைத் திறந்ததும் முழுக்கத் தளர்த்தி நிழலில் ஒரு நாள் வைக்கவும். உங்கள் பக்கத்து வெயிலில் மூடிய பெட்டிக்குள் விட்டால் ஒட்டியது விட்டுப்போகும்.'

அன்றைய பாட்டைக் கீபோர்டில் வாசித்தார்கள். சித்தப்பா கிட்டார்க்காரர் நிற்கும் இடத்திலேயே வெறுங்கையோடு நின்று, வாயை மட்டும் அசைத்தார்.

பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியிலிருந்து விருத்தாசலத்துக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"எழுதினேனே, இன்னைக்கே திறங்கன்னு."

"நீங்க அவசரப்படுத்தவும் பயந்துட்டோங்க," என்றார் சித்தப்பா. "உங்க புள்ளை வேற தவறிட்டாரு..."

"யார் சொன்னா? அவன் கனடாவில் டிரம்ஸ் அடிச்சிட்டிருக்கான். கிட்டாரைத் தொட மாட்டேங்கறான், அதான் வித்தேன்."

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"ஒட்டலாம்," என்றார் விருத்தாசலம். "நான் சொல்ற பசை வாங்குங்க. கிளாம்ப் போட்டு இறுக்கி, பத்து நாள் நிழலில் வைக்கணும். அதுக்குள்ள கம்பி ஏத்தினீங்கன்னா மேல்பலகையே உரிஞ்சிடும். அப்புறம் அது விறகுதான்."

"செவ்வாய்க்கெழமக்குள்ள ஆவாதுங்களா?"

"பத்து நாள் சார்."

சித்தப்பா அன்று மதியமே ஒட்டினார். கிரானைட் கல்லை ஒட்டும்போது போடும் கிளாம்ப்புகள் அவரிடம் நாலு இருந்தன. இடது கை திருகைப் பிடிக்க மாட்டேன் என்றது; நான் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை சித்தி பையில் லுங்கி, தட்டு, டம்ளர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வாசலில் நின்றார். சித்தப்பா செருப்புப் போடவில்லை.

"வெண்ணிலா, ஆஸ்பத்திரிக்கு ஒரு போனப் போட்டு, எனக்கு ஜொரம்னு சொல்லிரு."

"ஜொரம் இல்லையே சித்தப்பா."

"தெரியும். நீ சொல்லு."

"மூணு மாசம் ஆவும்னாங்களே," என்றார் சித்தி. பையைக் கீழே வைக்கவில்லை. "கை போயிட்டா கல்லு யாரு ஒட்டுவாங்க?"

"ஒட்டிக்கலாம், சித்ரா. அத ஒரு தபா வாசிச்சிட்டுப் போறேன். அப்புறம் அறுக்கறவன் அறுக்கட்டும்."

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் பெயரையும் நம்பரையும் கேட்டுக்கொண்டு, ஆகஸ்ட் பதினெட்டு என்றார். எந்தக் கை என்று கேட்டார். இடது என்றேன்.

சனிக்கிழமை காலை சித்தப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சித்தி அவருக்கு எதிரே நின்று சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன் அப்படி நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் சித்தப்பா இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பசை காய இன்னும் நாலே நாளு," என்றார்.